ஜாயிண்ட் நோட்டும் என் தம்பி மகளும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தண்டவாளத்தைத் தவிர எனக்கு என்ன தெரியும், அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நானும் தட்டிக் கழித்து வந்தேன். இந்தத் தடவை விஷயம் தானாகவே வீடு தேடி வந்துவிட்டது, என் தம்பி மகள் ரூபத்தில்.

தம்பி புனேயில் இருக்கிறான். அவன் மகள் அங்கேயே சைக்காலஜியில் எம்.ஏ. முடித்தவள். பத்து நாள் தங்கிவிட்டுப் போக நாக்பூர் வந்தாள். அவள் ரயில் ஏறுவதற்கு முன்பே தம்பியின் போன் வந்துவிட்டது. "அண்ணா, நீ சொன்னால் கேட்பாள். சமூக உளவியலில் பி.எச்.டி. பண்ணப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பாங்க் பரீட்சை எழுதச் சொல்லு. அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், இங்கே யார் வேலை கொடுப்பான்?" நானும் தக்க வாதங்களோடு தயாராகத்தான் இருந்தேன். டிப்ளமா படித்துவிட்டு 1982-ல் ரயில்வேயில் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றவன். மாதாமாதம் வரும் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவளே இரண்டு தாள்களைக் கொண்டு வந்து கொடுத்தாள். "பெரியப்பா, இதைப் படித்துப் பாருங்கள். என் ஆராய்ச்சி ஆர்வம் என்ன என்று எழுதி, அப்ளிகேஷனோடு அனுப்ப வேண்டும். உங்களுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்." இது பாராட்டா, இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

டெண்டர் படித்த கண்ணால் படித்தேன். அடையாளம், குழு, குழுவின் நடத்தை என்று வரிக்கு வரி வந்தது. "மனசு என்பது ஆளுக்கு ஆள் உள்ளே இருப்பது. கூட்டத்துக்கு ஏதம்மா மனசு?" என்று கேட்டேன். சிரித்தாள். "நூறு வருஷமாக இதற்குத்தான் சண்டை போடுகிறார்கள் பெரியப்பா. சரி, நீங்கள் யார் என்று சொல்லுங்கள்."

நான் யார்? அஜனி ரயில்வே காலனியில் இருந்தவரை நான் 'மதராஸி'. நம் எல்லோருக்கும் அதே பெயர்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்காரரும் எதிர்வீட்டுப் பாலக்காட்டுக்காரரும்கூட மதராஸிதான். ஆச்சரியம் என்னவென்றால், நாங்களும் அப்படியே ஒன்றாகி, ஓணத்துக்கும் உகாதிக்கும் பொங்கலுக்கும் சேர்ந்தே சாப்பிட்டோம். விருத்தாசலம் பக்கத்தில் உள்ள என் கிராமத்துக்குப் போனால் 'நாக்பூர்க்காரர் வந்திருக்கிறார்' என்பார்கள். ஆபீசில் நான் சிவில் டிபார்ட்மென்ட். நம் சங்கத்துக்கு வந்தால் எந்த ஜில்லா என்று விசாரணை. இதையெல்லாம் சொன்னதும் அவள், "ஆள் ஒருவர்தான், நிற்கிற இடத்தைப் பொறுத்து 'நான்' 'நாங்கள்' ஆகிறது. எந்த 'நாங்கள்' என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஜான் டர்னர் என்பவர் இதை ஒரு கோட்பாடாகவே செய்து வைத்திருக்கிறார்" என்றாள். நாற்பது வருடம் அனுபவித்ததற்கு ஒரு கோட்பாடு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த டர்னரின் குரு ஹென்றி டாஷ்ஃபெல். அவர் கதையைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. போலந்தில் 1919-ல் பிறந்த யூதர். பிரான்சுக்குப் படிக்கப் போனவர், அங்கே ராணுவத்தில் சேர்ந்து, 1940-ல் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். தான் யூதர் என்பதை மறைக்கவில்லை. ஆனால் போலந்துக்காரர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக்காரராகவே சிறை முகாமில் இருந்தார். போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை யாரும் கேட்கவில்லை. எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பது மட்டுமே கணக்கு. போர் முடிந்து வெளியே வந்தபோது குடும்பத்தில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை.

இப்படிப்பட்டவர் பிறகு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பேராசிரியராகி, ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். 14, 15 வயதுப் பையன்கள். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று உத்தேசமாகச் சொல்லச் சொன்னார். பிறகு, நீ கூட்டி மதிப்பிடுகிற கட்சி, நீ குறைத்து மதிப்பிடுகிற கட்சி என்று பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவினை விடையைப் பார்த்துச் செய்ததல்ல, குருட்டாம்போக்கில் செய்தது. இன்னொரு தடவை க்ளீ, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி அதேபோலப் பிரித்தார். தன் கட்சியில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவனையும் தனியாக உட்கார வைத்து, பெயர் தெரியாத இரண்டு பேருக்குப் பணம் பங்கிடச் சொன்னார்கள். ஒருவன் தன் கட்சி, மற்றவன் எதிர்க்கட்சி. பங்கிடுகிறவனுக்கு அதில் ஒரு காசு கிடையாது.

அவள் ஒரு தாளில் அந்த அட்டவணையை எழுதிக் காட்டினாள். ஒரு கோடியில் நம் ஆளுக்கு 19, எதிராளிக்கு 25. நடுவில் இருவருக்கும் 13. இன்னொரு கோடியில் நம் ஆளுக்கு 7, எதிராளிக்கு 1. "நீங்கள் எதைப் போடுவீர்கள் பெரியப்பா?" நம் ஆளுக்கு அதிகம் கிடைக்க வேண்டுமானால் 19 போட வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். நியாயம் பார்த்து நடுவே நின்ற பையன்களும் உண்டாம். ஆனால் பலர் 7-க்கு 1 என்ற பக்கமாகச் சாய்ந்தார்கள். நம் ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவர்களைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். 1970, 71-ல் வெளிவந்த இந்த முடிவுகளைத்தான் இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குச் சமாதானமாகவில்லை. "பள்ளிக்கூடப் பையன்கள், பைசா விளையாட்டு. இதை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்க முடியுமா? எங்களுக்கெல்லாம் ஒரு பாலத்தைத் திறக்க வேண்டுமானால் மேலே எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"உங்கள் சர்வீஸில் இப்படி ஒன்றும் பார்த்ததில்லையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதுவதே சரி என்று தீர்மானித்தேன். ஊர், ஸ்டேஷன் எதுவும் வேண்டாம்.

1994-ம் வருடம், ஆகஸ்ட் மாதம், கொட்டுகிற மழை. நிலக்கரி வண்டி ஒன்று தடம் புரண்டு ஒன்பது வேகன்கள் இரண்டு பாதையையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. அந்த செக்‌ஷன் என்னுடையதல்ல. அதற்குரியவர் லீவில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். வேகன்களைச் சோதித்து அனுப்புகிற டி.எக்ஸ்.ஆர். ஒரு வங்காளி நண்பர். காலனியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். அவர் வீட்டு மீன் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுப் பொடி தோசை அவர் வீட்டுக்குப் போகும். தடம் புரண்ட வண்டி அவர் யார்டில் சோதித்து அனுப்பப்பட்டது.

நிவாரண ரயில் வந்தது, 140 டன் கிரேன் வந்தது. இருபத்தொரு மணி நேரம். யார் சிவில், யார் மெக்கானிகல், யார் டிராஃபிக் என்று ஒரு வித்தியாசம் கிடையாது. அவருடைய ஆட்கள் எங்கள் ஸ்லீப்பரைத் தூக்கினார்கள், என் கேங்மேன்கள் அவருடைய ஜாக்கியைப் பிடித்தார்கள். எல்லோரும் ஒரே வாளி டீ. நடு ராத்திரியில் கவிழ்ந்த வேகன் ஒன்றின் அடியில் நண்பர் குனிந்து பார்க்க, நான் டார்ச் பிடித்தேன். ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தது. உடைந்த இடம் பளபளவென்று இருந்தது. "புதிய உடைப்பு, விழுந்ததில் உடைந்தது" என்றார். "ஆமாம்" என்றேன். அதே ராத்திரி, டீ குடிக்கும்போது, கேங் மேட் என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார். வண்டி ஏறின அந்த இடத்தில் நாலைந்து ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி பொள்ளலாகி ஆடிக்கொண்டிருந்ததாம். நாலு நாள் முன்பே சொல்லியும் மழையில் பேக்கிங் நடக்கவில்லையாம்.

மறுநாள் பாதை திறந்து முதல் வண்டி போயிற்று. எல்லோரும் கை தட்டினோம். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்ஷன் வண்டியில் உட்கார்ந்து ஜாயிண்ட் நோட் எழுத வேண்டும். விபத்துக்குக் காரணம் என்ன என்று மூன்று இலாகா ஆட்களும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிற குறிப்பு. ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். பெயர்தான் ஜாயிண்ட். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தைப் பூஜ்யம் என்று வைத்து, மூன்று மீட்டருக்கு ஒரு குறி போட்டு, கேஜ் 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா, இரண்டு தண்டவாளமும் மட்டமாக இருக்கிறதா என்று அவர்கள் எங்களைத் துருவுவார்கள். சக்கரத்தின் தேய்மானத்தையும் ஸ்பிரிங்கையும் வைத்து நாங்கள் அவர்களைத் துருவுவோம்.

தண்டவாளத்தின் அளவுகள் சரியாகவே வந்தன. அதன் சூட்சுமம் எனக்குத் தெரியும். ஸ்லீப்பருக்கு அடியில் பொள்ளல் இருந்தால், வெறும் பாதையை அளக்கும்போது மட்டம் சரியாகவே காட்டும். மேலே பாரம் ஏறினால்தான் அமுங்கும். கேங் மேட் சொன்னதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த உடைந்த ஸ்பிரிங்கை மேசை மேல் கொண்டு வந்து வைத்தார்கள். பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் துரு தெரிந்தது. பழைய உடைப்பு என்று எழுதினேன்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய் எழுதுகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது நிஜமாகவே பளபளப்புத்தான் தெரிந்தது. காலையில் நிஜமாகவே துருதான் தெரிந்தது. நண்பர் என்னைப் பார்த்து இந்தியில், "ராத்திரி டார்ச் பிடித்தது நீதானே" என்றார். அவ்வளவுதான். தன் மறுப்பை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டிராஃபிக்காரர் எங்கள் பக்கம் சாய்ந்தார். நண்பருக்கு இரண்டு வருட இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டது. சில மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கரக்பூர் பக்கம் போய்விட்டார். போகிற அன்று அவர் மனைவி மட்டும் வந்து என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார்.

தம்பி மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு இரண்டே கேள்வி. "அப்படி எழுதச் சொல்லி மேலேயிருந்து யாராவது சொன்னார்களா?" இல்லை. "பாதை மேல் தப்பு என்று வந்திருந்தால் உங்களுக்குத் தண்டனை உண்டா?" அதுவும் இல்லை, அது என் செக்‌ஷனே இல்லை. தண்டனை வந்திருந்தால் லீவில் இருந்தவருக்கு வந்திருக்கும். அவர் எனக்கு அவ்வளவு பழக்கமும் கிடையாது. அந்தப் பையன்களுக்கு ஒரு காசு லாபமில்லை என்று சற்று முன் சொன்னாளே, அது என் முன்னால் அந்தத் தாளிலேயே இருந்தது. 7-க்கு 1.

அவளுக்கு இதில் அதிசயமாகத் தோன்றியது ஜாயிண்ட் நோட் அல்ல, அதற்கு முந்தைய இருபத்தொரு மணி நேரம். முஸஃபர் ஷெரீஃப் என்ற துருக்கியில் பிறந்த அறிஞர் 1954-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா காட்டில் நடத்திய முகாமைப் பற்றிச் சொன்னாள். 22 பையன்கள், கழுகுகள், விரியன்கள் என்று இரண்டு அணி. போட்டிகள் வைத்ததும் கொடியை எரித்து, ஒருவர் அறையில் மற்றவர் புகுந்து கலாட்டா. சரி, சேர்த்து உட்கார வைத்துச் சினிமா காட்டலாம், சாப்பாடு போடலாம் என்றால், சாப்பாட்டையே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். (நம் சங்கத்தில் ஒரு வருடம் சமையல் கமிட்டியும் நாடகக் கமிட்டியும் பேசிக்கொள்ளாமல் இருந்தபோது, சமரச விருந்து வைத்து அது இன்னும் முற்றிய கதை மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். பெயர் சொல்லமாட்டேன், இரு தரப்பும் இந்த மலரைப் படிப்பவர்கள்.) பிறகு முகாமுக்கே தண்ணீர் வராமல் செய்தார்கள். லாரி கிளம்பாமல் நின்றது. இரு அணியும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இப்படி நாலைந்து வேலை சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது. ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய வருடம் 1953-ல் அவர் நடத்திய முகாமில் பையன்கள் சண்டைக்கே இணங்கவில்லை. பெரியவர்கள்தான் மூட்டிவிடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள், அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று ஜினா பெர்ரி என்பவர் 2018-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாராம். முன்பே பழகி நண்பர்களான பிறகு பிரித்துவிட்ட பையன்கள் அவர்கள். நண்பர்களாக இருந்தும் பிரிந்த என் கதை இன்னும் மோசம் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

"என் கேள்வி இதுதான் பெரியப்பா" என்று தாளின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். ஆபத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட 'நாம்' ஆகிவிடுகிறார்கள். 2005-ல் லண்டன் சுரங்க ரயிலில் குண்டு வெடித்தபோது பிழைத்தவர்களை ஜான் ட்ரூரி என்பவரும் சகாக்களும் விசாரித்தார்கள். கூட்டம் மிதித்துக்கொண்டு ஓடவில்லை. இருட்டில் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோதும் அப்படியே. ஆனால் வெள்ளம் வடிந்தபின் அந்த 'நாம்' என்ன ஆயிற்று என்றும் அங்கே பார்த்திருக்கிறார்கள். உதவி சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை என்ற எண்ணம் வந்த இடத்தில் அது தேய்ந்தது. தொடர்ந்து கூடிக்கொண்டும், விழா வைத்துக்கொண்டும் இருந்த இடத்தில் நின்றது. ஆபத்தில் உண்டாகிற 'நாம்', யார் பொறுப்பு என்று கேட்கிற வேளையில் எப்படி உடைகிறது? அதை உடையாமல் வைப்பது எது? இதை நம் நாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. 2020-ல் ஊரடங்கின்போது உண்டான குழுக்கள் இப்போது எங்கே என்று தேடப் போகிறாளாம்.

தம்பியின் 'வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்ற வாதத்தையும் கேட்டுப் பார்த்தேன். பதில் சுடச்சுட வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-லேயே உளவியல் துறை ஆரம்பித்துவிட்டது. மைசூரில் 1924-ல். அதை நடத்திய பேராசிரியர் கோபாலசுவாமிதான் 1935-ல் தன் வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து அதற்கு ஆகாசவாணி என்று பெயர் கொடுத்தவர். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் சேகரித்து எழுதினார். இன்னும் பெரிய கேடு வரப்போகிறது என்று, அதிர்ச்சியை உணர்ந்தும் சேதமடையாத இடங்களில் ஏன் வதந்தி கிளம்பியது என்ற அந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டுதான் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்கர் 1957-ல் தன் பிரபலமான கோட்பாட்டை எழுதினார். ஆக, அங்கிருந்து மட்டும் இங்கே வரவில்லை.

அலகாபாத் மாக மேளாவில் நடந்த சோதனை ஒன்றும் எனக்குப் பிடித்தது. மேளா கூடாரங்களில் இருந்தவர்களுக்கு இன்னதென்று விளங்காத ஓர் இரைச்சலைப் போட்டுக் காட்டினார்கள். இது மேளாவின் சத்தம் என்று சொன்னால் அதிக நேரம் கேட்டார்கள். நகரத்துத் தெருச் சத்தம் என்றால் சீக்கிரம் நிறுத்தச் சொன்னார்கள். சத்தம் ஒன்றேதான். ஜனவரிக் குளிரில் ஒரு தடவை மேளா ட்யூட்டிக்குப் போயிருக்கிறேன். அந்த இரைச்சலில் எனக்குத் தலைவலிதான் வந்தது. பக்கத்தில் ஒரு கிழவி அதிலேயே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது அவளுடைய சத்தம்.

பத்தாம் நாள் தம்பி போன் செய்தான். "பேசினாயா அண்ணா?" பேசினேன் என்றேன். பாங்க் பரீட்சையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பதைச் சொன்னதும் அவன் வருத்தப்பட்டான். அப்ளிகேஷனுக்குப் பணம் நான் கட்டுகிறேன், இரண்டு வருடம் பார்க்கலாம், வேலை கிடைக்காது என்ற உன் பயம் நியாயமானதுதான் என்றேன். அவன் மனைவிக்குக் கல்யாணக் கவலை. அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

போகும்போது பெண் ஒரு காரியம் கேட்டாள். அவள் தயார் செய்துகொண்டிருக்கும் கேள்வித்தாளை நம் சங்கத்து அன்பர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். பொங்கல் விழாவுக்கு வருவாள். பெயர் எழுத வேண்டியதில்லை. பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பதினாறு கேள்விகள். நான் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வி, 'நாங்கள் என்று சொல்லும்போது யாரையெல்லாம் சேர்த்துச் சொல்கிறீர்கள்? முன்பு சேர்த்து இப்போது விட்டவர்கள் உண்டா?'

அதை மட்டும் நான் இன்னும் நிரப்பவில்லை. பழைய சகா ஒருவர் மூலமாகக் கரக்பூர் நம்பர் கிடைத்திருக்கிறது. அவரும் ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். அந்த ஸ்பிரிங்கைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.